ஐகானைக் காணோமா? ஃபைல் எங்கும் போகவில்லை

கம்ப்யூட்டரைத் திறந்தால் வெறும் வால்பேப்பர்தான் தெரிகிறது. நேற்று வரை டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான் ஒன்றையும் காணோம். பதற்றத்தில் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. "வேறு விண்டோஸ் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். அதற்காக சி டிரைவை ஃபார்மட் செய்தால்தான் அவை நிஜமாகவே போகும்.

முதலில் டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'வியூ'வைத் திறவுங்கள். கடைசியில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்று இருக்கும். பக்கத்தில் டிக் இல்லையென்றால் ஒரு கிளிக் போதும், எல்லாம் திரும்பிவிடும். கை தவறி டிக் போயிருப்பதுதான் அடிக்கடி நடப்பது. வேண்டுமென்றே மறைப்பதற்கும் இதே இடம்தான்.

ரைட் கிளிக்கே வேலை செய்யவில்லை, கீழே டாஸ்க்பாரும் இல்லை என்றால், டெஸ்க்டாப்பைக் காட்டும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் நின்றுபோயிருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் இருந்தால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். இல்லையென்றால் 'ரன் நியூ டாஸ்க்' போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள்.

'திஸ் பிசி' மட்டும் இல்லை என்பது கோளாறே அல்ல. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதலே, புதிதாகப் போட்ட விண்டோஸ் தன் சொந்த ஐகான்களில் ரீசைக்கிள் பின்னை மட்டும்தான் வெளியே காட்டும். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதற்குள் தீம்ஸ், அதற்குள் 'டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்' போய் வேண்டியதை டிக் செய்துகொள்ளலாம்.

ரீசைக்கிள் பின் இருக்கிறது, நீங்கள் சேமித்த ஃபைல்களை மட்டும் காணோம் என்றால் விஷயம் வேறு. முதல் சந்தேகம் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவ் மீது விழ வேண்டும். அதன் பேக்கப்பை இயக்கினால் டெஸ்க்டாப் ஃபோல்டரின் முகவரியே மாறி, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். கம்ப்யூட்டர் வாங்கிய நாளில் எதையோ 'ஓகே' கொடுத்ததில் இது நடந்திருக்கலாம். பலருக்கு அது தெரிவதே இல்லை. பின்னால் பேக்கப்பை நிறுத்தும்போது விண்டோஸ் பழைய முகவரிக்குத் திரும்பி, அங்கே இருக்கும் காலி ஃபோல்டரைக் காட்டக்கூடும். உங்கள் ஃபைல்கள் ஒன்டிரைவுக்குள் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டரிலேயே இருக்கும். விண்டோஸ் பட்டனுடன் 'ஈ' அழுத்தி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து அங்கே பாருங்கள். இருந்தால் கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். மேகப் படம் போட்ட ஃபைல்கள் இன்னும் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்காதவை. இன்டர்நெட் இணைப்பு இருக்கும்போதே அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும் வரை ஒன்டிரைவில் இருப்பதை அழிக்க வேண்டாம். அங்கே அழித்தால் ஆன்லைனிலும் அழியும், அதே கணக்கில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களிலும் அழியும்.

இன்னொரு காரணம் அரிதுதான், ஆனால் ஆபத்தானது. 'டெம்பரரி புரொஃபைல்' என்ற செய்தியோடு கம்ப்யூட்டர் திறந்தால் அந்த டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள். சைன் அவுட் செய்ததும் அழிந்துவிடும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மறுபடியும் அதே செய்தி வந்தால், சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகே பழுதுபார்க்கக் கொடுங்கள்.

புரொஜெக்டரை மாட்டிக் கழற்றினால் ஐகான்கள் இடம் மாறும், அது ரெசல்யூஷன் மாறுவதால். நீங்கள் வைத்த இடத்தில் ஐகான் நிற்கவே மாட்டேன் என்றால், அதே 'வியூ'வில் 'ஆட்டோ அரேஞ்ச்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஐகானை மறைப்பதைப் பாதுகாப்பு என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டெஸ்க்டாப்பைத் திறப்பவருக்கு அத்தனையும் தெரியும். ஆதார் நகல், வங்கி விவரம் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினால், ஆளுக்கொரு யூசர் கணக்கும் பாஸ்வேர்டும் வையுங்கள். ஆன்லைன் மீட்டிங்கில் ஸ்கிரீனைப் பகிரும்போது முழுத் திரைக்குப் பதிலாக, காட்ட வேண்டிய விண்டோவை மட்டும் தேர்ந்தெடுங்கள்.