கீழே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலும் சுங்கை பாலாஸ் தோட்டத்திலும் வளர்ந்த பிள்ளைகள் தஞ்சோங் மாலிம், கம்பார், கோலாலம்பூர் என்று படிக்கப் புறப்படும்போது ஆலயத்தில் ஜெபம் செய்து அனுப்புகிறோம். ஜெபம் முடிந்ததும் பெரியவர்கள் ஆளுக்கொரு புத்தி சொல்வது வழக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன். என் பங்கு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சாரம் ஒன்றுதான்: உதவி செய்யுங்கள், ஆனால் உதவி வாங்கியவர் உங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்படி வைக்காதீர்கள்.

1. பேருந்திலேயே தொடங்குங்கள். ரிங்லெட் வழியாகத் தாப்பா இறங்கும் சாலையின் வளைவுகள் நமக்குப் பழக்கம். சுற்றுலா வந்தவர்களுக்கு அப்படியில்லை. பையில் இரண்டு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் அசாம் பழமும் வைத்திருங்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளை முகம் வெளுத்தால் பையை நீட்டி, சன்னலோர இடத்தை விட்டுக்கொடுங்கள். மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள், அந்தப் பிள்ளையின் தாய் ஏற்கெனவே கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பாள்.

2. முதல் வாரமே பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேண்டீனில் நாம் 'காக்' என்று கூப்பிடும் மலாய் அக்கா, காவலுக்கு நிற்கும் நேப்பாளத்துக்காரர், கழிப்பறை கழுவும் வங்காளதேசத்து அண்ணன், எல்லாருக்கும் பெயர் உண்டு. ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், இந்த மலையில் கூலிகளாகக் கணக்கில் ஏறியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இன்று அதே தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கொழுந்தெடுக்கிறார்கள். அவர்களை 'பங்களா' என்று கூப்பிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடமே இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

3. சேர்ந்து குடியிருந்தால் சட்டி பானையில் கவனம் வேண்டும். வாடகை வீட்டில் மலாய்த் தோழர் இருந்தால் பொதுச் சட்டியில் ஹலால் அல்லாத எதுவும் விழக்கூடாது. "கழுவிவிட்டேனே" என்ற பேச்சே வேண்டாம். உங்களுக்கென்று தனிச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள். புவாசா எனும் நோன்பு மாதத்தில் அவர் விடியுமுன் சாஹுர் சாப்பிட எழுந்து விளக்கைப் போட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குங்கள். மாலையில் அவர் நோன்பு திறக்க நான்கு பேரீச்சம்பழம் வாங்கி மேசையில் வைத்தால் இன்னும் நல்லது. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் தோழர்களும் உண்டு. அந்த நாள்களில் உங்கள் கோழிக்கறியை வெளியே போய்ச் சாப்பிடுங்கள்.

4. அன்பைத் தூண்டிலாக்காதீர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சமய உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அதன் நான்காம் உட்பிரிவு இடமளிக்கிறது. சட்டத்தை மதிக்க வேண்டும், அது ஒருபுறம். சட்டமே இல்லாவிட்டாலும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது கூடவே துண்டுப் பிரசுரம் கொண்டுபோவது அழகா? அவர் பசிக்குத்தான் கஞ்சி. விசுவாசத்தைப் பற்றி ஒருவர் தாமாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காதவரிடம் கணக்குத் தீர்க்க நிற்காதீர்கள்.

5. பணம் கொடுத்தால் மறந்துவிடுங்கள். பிடிபிடிஎன் கல்விக் கடன் கைக்கு வருமுன் மாணவர் பலருக்குக் கை கடிக்கும். காலையும் பகலும் மெகி மீயிலேயே ஓட்டுகிறவரை உங்கள் கண் கண்டுபிடிக்க வேண்டும். "பணம் இல்லையா?" என்று நாலு பேர் முன் கேட்காதீர்கள். "நாசி லெமாக் தப்பாவ் பண்ணப் போறேன், உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்" என்றால் போதும். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் மனத்தில் வட்டி ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் வாயில் சொல்லிக்காட்டுதலாக வந்து விழும்.

6. பாடக் குறிப்பைப் பூட்டி வைக்காதீர்கள். ஆங்கில விரிவுரை புரியாமல் பின்வரிசையில் மௌனமாக இருப்பவர்களில் நம் தோட்டப் பிள்ளைகளும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். பழைய தேர்வுத் தாள்களைக் குழுவில் போடுங்கள். ஒப்படைப்பை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அது அவர் காலை உடைத்துவிட்டு ஊன்றுகோல் கொடுப்பது.

7. கேட்பதற்கும் ஜெபிப்பதற்கும் எல்லை தெரிந்திருக்கட்டும். தோழி சாக வேண்டும் போல் இருக்கிறது என்று சொன்னால், "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடாதீர்கள். கூட இருங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டாலும் கல்லூரி ஆலோசகரிடம் சொல்லுங்கள். 1970 முதல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் தொலைபேசியில் இப்படிப்பட்டவர்களுக்குக் காது கொடுத்து வருகிறார்கள். அவர்களை அழைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஜெபத்தையும் விடவேண்டாம்.

8. நண்பராக இருங்கள், புரவலராக வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகளை எதிரில் வைத்துக்கொண்டே பேசினார். அவர்களுடைய தியாகத்தையும் கொடையையும் மறுக்கவில்லை. எங்களோடு சரிசமமாக உட்காரும் நண்பர்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்பதே அவர் பேச்சின் முடிவு. அரங்கில் பலருக்கு அது கசந்தது. இரண்டே ஆண்டில் தோர்ணக்கலில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவரே அமர்ந்தார். வெள்ளைக்காரரிடம் அவர் கேட்டதை, உங்கள் அறைத்தோழரும் கேண்டீன் 'காக்'கும் உங்களிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே கொடுக்க வேண்டும்.

9. வாங்கவும் பழகுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரோஷம் அதிகம். யார் எதை நீட்டினாலும் "வேண்டாம், இருக்கு" என்போம். சீனத் தோழி தன் காரில் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறிக்கொள்ளுங்கள். ஹரி ராயாவுக்கு மலாய்த் தோழர் கம்போங்குக்கு அழைத்தால் போய், அவர் அம்மா வைத்த ரெண்டாங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கொடுத்தே பழகியவனுக்குத் தான் ஒரு படி மேலே நிற்பதாக நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்பு வந்தபின், மேலே நான் சொன்ன எட்டையும் ஒழுங்காகச் செய்தாலும் வாங்குகிறவர் மனம் குளிராது.