சிசுவின் மூளைக்கசிவும் சட்டத்தின் கெடுவும்

கேள்வி: ஏழாம் மாதத்திலேயே அரசு மருத்துவமனையில் பிறந்த என் பேரனுக்கு மூளையில் இரத்தம் கசிந்ததாம். இது வைத்தியர் பிழையா? வழக்குப் போடலாமா?
– தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கேமரன் மலை

பதில்: ஐயா, 32 வாரங்களுக்கு முன் ஜனிக்கும் சிசுவின் மூளையறைகளை ஒட்டிய நுண்ணிய இரத்தக்குழாய்கள், வைத்தியர் எத்துணைச் சிரத்தையோடு பேணினும், முதல் மூன்று நாட்களுக்குள் தாமே உடைந்துவிடக்கூடும். ஆகவே கசிவு நேர்ந்தது ஒன்றே குற்றத்துக்குச் சாட்சியமாகாது. ஆயினும், ஆயுதப் பிரசவத்தில் அஜாக்கிரதையோ, பிறந்தவுடன் போடவேண்டிய வைட்டமின் கே ஊசி விடுபட்டதோ, அதனாலேயே தீங்கு விளைந்ததென்பதும் சேர்ந்து நிரூபணமானால் நஷ்டஈடு கோரலாம். சிகிச்சைப் பிழையைப் பொறுப்புள்ள வைத்தியர்களின் வழக்கத்தைக் கொண்டே அளக்கவேண்டுமென மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2017-இல் ஒரு பிரசவ வழக்கிலேயே தீர்ப்பளித்திருப்பதால், சுயேச்சையான நிபுணரின் அபிப்பிராயம் இன்றியமையாதது. அரசு மருத்துவமனைமீது வழக்குத் தொடர 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் தரும் அவகாசம் 36 மாதங்களே. குழந்தை வளரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவ அறிக்கையை எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, அடுத்தமுறை தானா ராத்தா நகருக்குப் போகும்போதே ஒரு வழக்கறிஞரைக் கலந்தாலோசியுங்கள்.