புழுதியில் ஓடும் வண்டிக்கு உயரக் காற்றுக்குழாய்: யாருக்கு வேணும், எப்படித் தேர்வு செய்வது?

கோடை உழவு நடக்கும்போது டிராக்டர் ஓட்டுறவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கிறார். அவர் பக்கத்திலேயே, அதே புழுதிக்குள்ளே, இன்ஜினும் நாள் முழுக்க மூச்சு விடுது. அதுக்கு நாம என்ன கட்டி விட்டிருக்கோம்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது யோசிக்கணும்.

பண்ணைக்கு ஜீப், பிக்கப் வெச்சிருக்கிற இளைஞர்கள் இப்போ ஸ்நார்கல் மாட்டுறாங்க. பானெட்டுக்கு வெளியே கிளம்பி முன்கண்ணாடி ஓரமா மேலே ஏறுற குழாய் அது. வெள்ளத்தில் வண்டி ஓட்டத்தான் அதுன்னு பலபேர் நினைக்கிறாங்க. உண்மையில் அதோட அன்றாட வேலை புழுதிக்கு மேலே இருக்கிற காற்றை எடுக்கிறதுதான். டிராக்டருக்கும் அதே கணக்கு பொருந்தும். வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியதை வரிசையாப் பார்ப்போம்.

இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்குது?

2,500 சிசி டிராக்டர் இன்ஜினை எடுத்துக்குவோம். நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடுது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் சிலிண்டர் நிறையும். அப்போ நிமிஷத்துக்கு 1,000 தடவை, தடவைக்கு இரண்டரை லிட்டர், ஆக 2,500 லிட்டர். முழுசா நிறையாது, கழிவு போக 2,000 லிட்டர்னு வைங்க. மணிக்கு 1,20,000 லிட்டர். எட்டு மணி நேர உழவுக்கு கிட்டத்தட்ட 10 லட்சம் லிட்டர் காற்று!

கண்ணை மறைக்கிற புழுதியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, 1 கிராம் மண் இருக்குன்னு வெச்சுக்குவோம். மணிக்கு 120 கிராம். ஒரு நாள் உழவில் சுமார் ஒரு கிலோ மண் இன்ஜின் வாசலுக்கு வருது. ஏர் ஃபில்டர் 98 சதவீதம் பிடிச்சாலும் மீதி 20 கிராம் உள்ளே போகும். 99.5 சதவீதம் பிடிச்சா 5 கிராம்தான். ஒன்றரை சதவீத வித்தியாசம் காகிதத்தில் சின்னது. பிஸ்டனுக்கு அது நாலு மடங்கு.

அந்த மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ் துகள். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. லைனர் செய்யுற வார்ப்பிரும்பு அதைவிட மென்மை. தலைமுடியோட தடிமன் சுமார் 70 மைக்ரான். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள பொடிதான் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அப்புறம் ஆயில் குறையும், நீலப்புகை வரும், இழுவை போகும். மெக்கானிக் 'இன்ஜினை இறக்கணும்'னு சொல்வார், அதுவும் பெரும்பாலும் பருவம் தொடங்குற நேரத்தில்.

டிராக்டர் கடன் கோப்புகளைப் பல வருஷம் பார்த்தவன் என்ற முறையில் ஒண்ணு சொல்றேன். தவணை முடியறதுக்கு முன்னாடி இன்ஜின் முடிஞ்சா, அந்தக் குடும்பம் ரெண்டாவது கடனுக்கு வந்து நிக்கும். அதனால இது வண்டிப் பிரியர்களோட அலங்காரப் பேச்சு இல்லை, நம்ம வரவு செலவுக் கணக்கு.

மூணு காவல்

புழுதிக்கு எதிரா மூணு காவல் இருக்கு. ஒண்ணு செய்யுற வேலையை இன்னொண்ணு செய்யாது.

முதல் காவல் உயரம். கனமான துகள் சீக்கிரம் கீழே இறங்கிடும். சக்கரம் கிளப்புற புழுதி தரைக்குப் பக்கத்தில்தான் அடர்த்தி. காற்று எடுக்கிற வாய் மேலே போகப் போக வர்ற மண் குறையும். ஆனா உயரம் எதையும் வடிகட்டாது. முன்னாடி ஒரு லாரி போய் கூரை உயரத்துக்குப் புழுதி எழுப்பிட்டா, உயரக் குழாயும் அதையேதான் குடிக்கும்.

ரெண்டாவது காவல் ப்ரீ கிளீனர். டிராக்டர் பானெட் மேலே கிண்ணம் மாதிரி இருக்குமே, அது. உள்ளே சாய்வா இருக்கிற தகடுகள் காற்றைச் சுழல வைக்கும். சுழற்சியில் கனமான மண் ஓரத்துக்கு ஒதுங்கி கிண்ணத்தில் விழும். சில வகையில் மண் தானாகவே வெளியே தள்ளப்படும். வர்ற ஒரு கிலோவில் 800 கிராம் இங்கேயே நின்னா, ஃபில்டருக்கு 200 கிராம்தான் போகும். ஃபில்டர் அடைபடுற காலம் அஞ்சு மடங்கு நீளும்.

மூணாவது காவல் ஏர் ஃபில்டர். பழைய வண்டிகளில் ஆயில் பாத் வகை: காற்று கீழே இறங்கி ஆயிலில் மோதித் திரும்பும்போது மண் ஆயிலில் தங்கிடும். புதிய வண்டிகளில் காகித வகை. நுண்ணிய பொடியைப் பிடிக்கிறதில் காகிதம்தான் மேல். நல்ல நிலையில் இருந்தா 99 சதவீதத்துக்கு மேல பிடிக்கும். இந்தக் காவல் சரியில்லைன்னா முன்னாடி இருக்கிற ரெண்டும் வீண்.

உங்களுக்கு எது வேணும்?

சேற்றுழவு மட்டும் செய்யுறவர், தார்ச்சாலையில் மட்டும் ஓடுறவர் எதுவும் வாங்க வேண்டாம். இருக்கிறதைச் சுத்தமா வைங்க, போதும்.

மானாவாரிக் காடு, செம்மண் பாதை, உலர்ந்த மண்ணில் ரோட்டவேட்டர், கதிரடி வேலை உள்ளவங்க இப்படிப் பார்க்கலாம். ஃபில்டரை தினமும் திறந்து துடைக்க வேண்டியிருந்தா முதலில் ப்ரீ கிளீனர் மாட்டுங்க. செலவு குறைவு, பலன் அதிகம். ப்ரீ கிளீனர் கிண்ணமே அரை நாளில் நிறைஞ்சா அப்போ உயரக் குழாயும் சேர்த்து யோசிக்கலாம். குழாய் உச்சியில் ப்ரீ கிளீனர் உட்காருற அமைப்புதான் புழுதிக் காட்டுக்கு ஏற்றது.

ஜீப்புக்கு விற்கிற குழாய்களில் முன்பக்கம் பார்த்த கரண்டி வாய் இருக்கும். அது வேகமா ஓடுற வண்டிக்கு. மணிக்கு 5 கிலோமீட்டரில் உழுற டிராக்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஜீப்பிலும், இன்னொரு வண்டிக்குப் பின்னால் போகும்போது அந்த வாய் நேரா புழுதியைத்தான் வாங்கும். அந்த வாயைக் கழற்றி அதே விட்டமுள்ள ப்ரீ கிளீனர் தலையை மாட்டலாம். அது இல்லாட்டி, முன்னாடி போற வண்டியோட புழுதி அடங்குற அளவுக்குத் தள்ளிப் போங்க. இதுக்குக் காசு கிடையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. விட்டம்: கம்பெனிக் குழாயைவிடச் சிறுத்திருக்கக் கூடாது. 3 அங்குலத்துக்குப் பதிலா இரண்டரை அங்குலம் போட்டா பரப்பில் 30 சதவீதம் போயிடும். இன்ஜின் மூச்சு முட்டும், கறுப்புப்புகை வரும், டீசல் கூடும். வளைவுகளும் குறைவா, அகலமா இருக்கணும்.

2. இடம்: உயரக் குழாய் எப்பவும் ஃபில்டருக்கு முன்னாடிதான் சேரணும். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள குழாயை யாரையும் வெட்ட விடாதீங்க. அங்கே ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் வடிகட்டாத மண் நேரா சிலிண்டருக்குப் போகும்.

3. சைலன்ஸர்: புகை வர்ற வாய்க்குப் பக்கத்திலோ பின்னாலோ காற்று எடுக்கிற வாய் இருக்கக் கூடாது. கரி காகித ஃபில்டரை அடைக்கும். சூடான காற்றில் ஆக்சிஜனும் குறைவு.

4. உயரம்: ஓட்டுறவர் தலை உயரம் வந்தா டிராக்டருக்குப் போதும். தோப்புக்குள் ஓடுற வண்டின்னா கிளை தட்டும், மட்டை இடிக்கும். அதைப் பார்த்து அளவு வைங்க.

5. பொருள்: வெயில் தாங்கும்னு உத்தரவாதம் உள்ள பிளாஸ்டிக் அல்லது இரும்பு. தண்ணிக் குழாய் பி.வி.சி.யை வெச்சு ஒட்டுப்போடுற வேலை வேண்டாம். இன்ஜின் சூட்டில் இளகும், வெயிலில் நொறுங்கும், அதிர்வில் இணைப்பு விடும்.

6. இணைப்பு: ஜீப், பிக்கப்பில் இன்ஜின் ரப்பர் மேலே ஆடும், பாடி ஆடாது. நடுவே வளையுற ரப்பர் ஹோஸ் கட்டாயம். ரெண்டு முனையிலும் திருகு வெச்ச கிளாம்ப் போடுங்க. கம்பி கட்டுறது ஆகாது.

7. மழைநீர்: மேல் வாயில் மூடியும், உள்ளே வந்த தண்ணி வெளியேற வழியும் இருக்கணும்.

8. சட்டம்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறா வண்டியை மாற்றக் கூடாதுன்னு சொல்லுது. பாடியில் ஓட்டை போடுறதுக்கு முன்னாடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்க. வாரண்டி உள்ள வண்டின்னா டீலரிடம் எழுத்தில் வாங்குங்க. வாய்ப்பேச்சு நாளைக்கு உதவாது.

மாட்டின பிறகு ஒரு சோதனை

வண்டியை நியூட்ரலில் போட்டு, மெதுவான ஓட்டத்தில் விட்டு, குழாயின் மேல் வாயை ஒரு தட்டையான பலகையால் மூடுங்க. கையை வைக்காதீங்க, உறிஞ்சல் பலமா இருக்கும். சில நொடிகளில் இன்ஜின் திணறி நிக்கணும். நிக்காம ஓடினா வேற எங்கேயோ காற்று இழுக்குதுன்னு அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காம காட்டுக்கு வண்டியை எடுக்காதீங்க. இந்தச் சோதனையை ஒரு தடவை செஞ்சா போதும், திரும்பத் திரும்ப வேண்டாம்.

பராமரிப்பு இல்லாட்டி எல்லாம் வீண்

ப்ரீ கிளீனர் கிண்ணத்தை உழவு நாட்களில் தினமும் கொட்டுங்க. கதிரடிக்கும்போது உமியும் தூசும் சல்லடையில் ஒட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை தட்டி விடுங்க. ஆயில் பாத்தில் குறிச்ச கோடு வரைக்கும்தான் ஆயில். கூடினா ஆயிலே இன்ஜினுக்குள் போய் எரிய ஆரம்பிக்கும், வேகம் கட்டுக்கு அடங்காம ஏறும். அது ஆபத்து.

காகித ஃபில்டரை டயரில் அடிச்சுத் தட்டாதீங்க. பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிச்சா காகிதம் கிழியும், கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. கையேட்டில் சொன்ன குறைந்த அழுத்தத்தில், உள்ளேயிருந்து வெளியே அடிக்கணும். உள்ளே இருக்கிற ரெண்டாவது சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யவே வேண்டாம், காலம் வந்தா மாத்துறதுதான்.

புழுதியே எழாம உழ முடியாதா?

இயற்கை உழவர்கள் நாம கேட்க வேண்டிய கேள்வி இது. வானத்தில் பறக்கிற அந்தப் பொடி நம்ம மேல்மண். நுண்ணிய வண்டலும் மட்கும்தான் முதலில் பறக்கும், மணல் பின்தங்கிடும். கிண்ணத்தில் சேர்ந்ததைக் கையில் எடுத்துப் பாருங்க, மாவு மாதிரி இருக்கும். நாம எரு போட்டு, மூடாக்குப் போட்டுச் சேர்த்த வளத்தில் ஒரு பங்கு அதில் இருக்கு.

அதனால கோடை மழை பெய்ஞ்சு மண் பதமா இருக்கும்போது உழுங்க. காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டரை வேகமா விட்டு மாவாக்காதீங்க. காற்றுக்குக் குறுக்கே சால் ஓட்டினா புழுதி ஒரு பக்கமா ஒதுங்கிப் போகும். காற்று வீசுற திசையிலேயே போனா நம்ம புழுதி நம்ம மேலேயே கவியும். அறுவடைத் தாளை நிலத்திலேயே விடுங்க, வரப்பில் மரம் வையுங்க. மண் மூடியிருக்கிற காட்டில் ஏர் ஃபில்டரும் நீண்ட நாள் உழைக்கும்.

சித்திரை உழவுக்கு வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை செய்யுங்க. வண்டியை நிறுத்திட்டு, ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜினுக்குப் போற ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடைங்க. துணி வெள்ளையா வந்தா நிம்மதியா மாட்டுங்க. மண் நிறம் ஏறினா புதுக் குழாய் வாங்கக் கிளம்பாதீங்க. முதலில் கிளாம்ப், ஹோஸ், ஃபில்டர் விளிம்பு ரப்பர் மூணையும் பாருங்க. பல வண்டிகளுக்கு அந்தச் சின்னச் செலவே போதும்.