நிலைவேகமும் மாறுவேகமும்: குளிர்நீர் ஆலையில் மின்சிக்கனம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

வெப்பம் தானாகச் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்லும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. அதை எதிர்த்திசையில் செலுத்த வேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும். அந்த வேலைக்கு நாம் கொடுக்கும் கூலியே மின்சாரம். இதை வகுப்பில் படித்துத் தேர்விலும் எழுதிவிட்டேன். ஆனால் விடுமுறையில் எங்கள் ஊரான முசரவாக்கத்துக்குச் சென்றபோது அண்ணன் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அப்பா பட்டுத்தறி நெய்பவர். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு தொழிற்சாலையில் சில்லர் ஆபரேட்டராக இருக்கிறார். அவர் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். அங்கே 500 டன் திறனுள்ள சில்லர்கள் இரண்டு. பழையது ஒரே வேகத்தில் ஓடுவது. புதியது வேகத்தை மாற்றிக்கொள்வது. “ரெண்டையும் சமமா ஓட்டுன்னு சொல்றாங்க. அது சரியா? நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, சொல்லேன்” என்றார். அன்று பேசாமல் இருந்தேன். இக்கட்டுரையே என் விடை.

‘டன்’ என்பது என்ன?

1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃப்ரெடெரிக் டியூடரின் நிறுவனம் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தது. இன்று அதுவே விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி வணிகம் மறைந்தாலும் அக்காலத்து அளவு மறையவில்லை. 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி. இது சுமார் 3.5 கிலோவாட்டுக்குச் சமம்.

இரு இயந்திரங்களின் இயல்பு

கட்டடத்தின் குளிர்ச்சித் தேவை நாள் முழுதும் ஒன்றாக இராது. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையத்தில் காலைக் கூட்டம் வேறு, நண்பகல் கூட்டம் வேறு. தேவை குறையும்போது நிலைவேக சில்லரின் மோட்டார் வேகம் குறையாது. கம்ப்ரசரின் வாயிலில் உள்ள தகடுகள் மூடிக்கொண்டு வாயுவைக் குறைக்கும். மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வால்வைத் திருகித் தண்ணீரைக் குறைப்பது போன்றது இது. ஆகவே சுமை குறையக் குறைய அது டன் ஒன்றுக்கு அதிக மின்சாரம் தின்னும்.

மாறுவேக சில்லர் சுழற்சியையே குறைத்துக்கொள்ளும். விசிறிக்கும் பம்புக்கும் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படிக்கேற்ப மாறும். பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு திறன் போதும். சில்லருக்கு இந்த விதி முழுமையாகப் பொருந்தாது. குளிர்ந்த நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை, கூலிங் டவரிலிருந்து வரும் நீரின் வெப்பநிலைக்கு மேல் அது உயர்த்தியாக வேண்டும். அந்நீர் சூடாக இருந்தால் வேகத்தை அதிகம் குறைக்க இயலாது. மேலும், வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியே சிறிது மின்சாரத்தை இழக்கிறது. எனவே முழுச் சுமையில் மாறுவேக சில்லருக்குத் தனிச் சிறப்பு இல்லை.

ஒரு கணக்கு

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். டன் ஒன்றுக்கு நிலைவேக சில்லர் முழுச் சுமையில் 0.60, முக்கால் சுமையில் 0.63, பாதிச் சுமையில் 0.72 கிலோவாட் எடுக்கிறது. மாறுவேக சில்லர் அதே வரிசையில் 0.62, 0.57, 0.56 எடுக்கிறது. மொத்தத் தேவை 750 டன்.

1. சமமாகப் பிரித்தால், தலா 375 டன்: 236 + 214 = 450 கிலோவாட்.
2. மாறுவேகம் 500, நிலைவேகம் 250 டன்: 310 + 180 = 490 கிலோவாட்.
3. நிலைவேகம் 500, மாறுவேகம் 250 டன்: 300 + 140 = 440 கிலோவாட்.

‘புதியது சிக்கனமானது, அதை முழுதாக ஓட்டு’ என்னும் எண்ணமே இங்கு மிகுந்த செலவு வைக்கிறது. இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் வேறுபாடு 50 கிலோவாட். பத்து மணி நேரத்தில் 500 யூனிட். சமப் பங்கிலிருந்து 125 டன்னை நிலைவேகத்துக்கு மாற்றினால் அங்கே 64 கிலோவாட் கூடுகிறது, இங்கே 74 குறைகிறது. ஆகவே ‘எந்த இயந்திரம் சிறந்தது?’ என்று கேட்பதைவிட, ‘அடுத்த டன்னை எது மலிவாகத் தரும்?’ என்று கேட்பதே முறை.

கவனிக்க வேண்டியவை

இரண்டுக்கும் ஒரே நீர் வெப்பநிலையைக் குறித்து வைத்தால் அவை சுமையைச் சமமாகவே பங்கிட்டுக்கொள்ளும். நிலைவேக சில்லருக்குச் சற்றுக் குறைந்த வெப்பநிலையைக் குறித்தால் அது முதலில் நிரம்பும். மிச்சத்தை மாறுவேகம் ஏற்கும்.

அந்த மிச்சம் மிகச் சிறிதாக இருக்கக் கூடாது. தேவை 550 டன் எனில் மாறுவேகத்துக்கு 50 டன்னே கிடைக்கும். அவ்வளவு குறைந்த சுமையில் கம்ப்ரசரில் வாயு பின்னோக்கிப் பாய்ந்து அதிரக்கூடும். அப்போது நிலைவேகத்தைச் சிறிது தளர்த்த வேண்டும். தேவை 500-க்கு நன்கு கீழே இறங்கினால் நிலைவேகத்தை நிறுத்திவிட்டு மாறுவேகத்தை மட்டும் ஓட்டலாம். அதனுடன் ஒரு பம்பும் நிற்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இறுதியாக, நம் தட்பவெப்பம். காற்றில் ஈரம் மிகுந்த காஞ்சிபுரம், சென்னைப் பகுதிகளில் கூலிங் டவர் நீர் பெரும்பாலும் சூடாகவே இருக்கும். குளிர் நாடுகளில் மாறுவேகம் தரும் ஆதாயம் இங்கு அப்படியே கிடைக்காது. மார்கழி, தை இரவுகளில் அந்நீர் குளிரும்போது கணக்கு மாறும். அப்போது மாறுவேகத்துக்குக் கூடுதல் பங்கு தருவது நல்லதா என்று மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது இக்கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். “இந்த 0.60, 0.72 எல்லாம் எங்க மெஷினோடதா?” என்று கேட்டார் அண்ணன். இல்லை என்றேன். “அப்ப மீட்டரைப் பார்த்து நான் எழுதிட்டு வரேன். நீ திரும்பப் போடு” என்றார்.

அவர் சொன்னதே சரி. விதி நம் பாடநூலில் இருக்கிறது. எண் அவருடைய மீட்டரில் இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் மின்சாரம் மிஞ்சும்.