ஏர்பேக் இருக்கும்போது பெல்ட் எதற்கு?

பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ அலகை நடத்திக்கொண்டிருந்தேன். வேங்கிக்கால் வேலூர் சாலையில் இருப்பதால், கிரிவலத்திற்கு வரும் கார்களை எங்கள் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நிலைமத்திற்கு எடுத்துக்காட்டாக சீட் பெல்ட்டைச் சொன்னதும், வாடகைக் கார் ஓட்டுநரின் மகன் எழுந்தான். “எங்கப்பா கார்ல ஏர்பேக் இருக்கு சார். அப்புறம் பெல்ட் எதுக்கு?”

உடனே விடை சொல்லவில்லை. பொம்மை வண்டியில் களிமண் பொம்மையை உட்காரவைத்து, சாய்வான பலகையில் உருட்டிச் செங்கல்லில் மோதவிட்டோம். வண்டி நின்றது, பொம்மை முன்னே பாய்ந்து நசுங்கியது. அடுத்து, பொம்மையை நூலால் கட்டி உருட்டினோம். உடல் வண்டியிலேயே இருந்தது. தலை மட்டும் முன்னே வளைந்தது. “உடலுக்குப் பெல்ட், அந்தத் தலைக்கும் மார்புக்கும் ஏர்பேக்” என்றேன்.

பிறகு கரும்பலகையில் கணக்கிட்டோம். மணிக்கு 54 கி.மீ. என்பது வினாடிக்கு 15 மீட்டர். 60 கி.கி. நிறையுள்ளவரின் உந்தம் 900 கி.கி.மீ/வி. அவர் 0.01 வினாடியில் நின்றால் உடலில் செயல்படும் சராசரி விசை 90,000 நியூட்டன், 0.1 வினாடியில் நின்றால் 9,000 நியூட்டன்தான். பெல்ட்டும் ஏர்பேக்கும் இந்த நேரத்தையே நீட்டிக்கின்றன.

மோதலை உணர்வி அறிந்ததும், கண் இமைப்பதற்குள் வாயு நிரம்பிப் பை விரிகிறது. உடல் அழுத்தியதும் துளைகள் வழியே காற்று வெளியேறிச் சுருங்குகிறது. பெல்ட் அணியாதவரோ அதற்குள் முன்னே சரிந்து, வேகமாக விரியும் பையிலேயே மோதுவார். காக்க வேண்டிய பையே காயப்படுத்திவிடும். ஸ்டீயரிங்கில் உள்ள ‘எஸ்.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளில் முதல் எழுத்தின் பொருளே ‘துணை’ என்பதுதான். பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத் தடுப்பில் மோதியது. ஏர்பேக்குகள் உள்ள கார்தான். பின் இருக்கையில் பெல்ட் அணியாமலிருந்த அவரும் உடனிருந்தவரும் இறந்தனர். முன் இருக்கையில் இருந்த இருவர் பலத்த காயங்களுடன் பிழைத்தனர்.

மதிப்பீட்டிற்கு ஒரு வினா கொடுத்தேன்: முன் இருக்கையில் 10 கி.கி. குழந்தையை மடியில் வைத்திருக்கலாமா? அதே வேகத்தில் 0.1 வினாடியில் நிறுத்த 1,500 நியூட்டன் விசை தேவை. ஏறத்தாழ 150 கிலோ மூட்டையைத் தூக்குவதற்குச் சமம். எந்தத் தாயின் கையாலும் முடியாது என்று மாணவர்களே எழுதினார்கள். விரியும் ஏர்பேக்குக்கு முன்னால் இருப்பதும் குழந்தைதான் என்பதை நான் சேர்த்துச் சொன்னேன்.

வகுப்பு முடியும்போது அதே மாணவன் கேட்டான்: “பின்சீட்ல உட்கார்ந்தா நீங்க பெல்ட் போடுவீங்களா சார்?” அதுவரை போட்டதில்லை. அதையும் வகுப்பில் ஒப்புக்கொண்டேன். இப்போது போடுகிறேன்.