சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும்



ஆங்கில நாளிதழ் கிடைத்தால் அதன் எழுத்துகளை உற்றுப் பாருங்கள். பல இதழ்களில் கோடு முடியும் இடத்தில் குட்டிப் பாதம் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் செரிஃப். ஒரே எழுத்திலேயே ஒரு கோடு தடிமனாகவும் இன்னொன்று மெல்லியதாகவும் இருக்கும்.

தலைப்பு எழுத்தைச் சுருக்கினால் செய்தி எழுத்து வந்துவிடும்தானே? வராது! சுருக்கும்போது மெல்லிய கோடு இன்னும் மெலிந்து, அச்சில் விழாமலே போகலாம். காகிதத்தில் மை பரவும். அதனால் எழுத்தின் உள்ளே இருக்கிற ஓட்டைகள் அடைபட்டுவிடும்.

16ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் க்ளோத் கரமோன் என்பவர் எஃகில் எழுத்து செதுக்கினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனியாகச் செதுக்க வேண்டும். கஷ்டமான வேலைதான். ஆனால் அளவுக்குத் தக்கபடி எழுத்தை மாற்ற முடிந்தது.

செய்திக்கு உரிய சின்ன எழுத்து:
1. மெல்லிய கோடும் செரிஃபும் சற்றுத் தடிமனாக இருக்கும்.
2. எழுத்து கொஞ்சம் அகலமாக இருக்கும்.
3. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூடுதலாக இருக்கும்.

தலைப்பு எழுத்துக்கு இதெல்லாம் நேர் எதிர்.

லண்டனில் 'தி டைம்ஸ்' நாளிதழ் 1932 அக்டோபர் 3 முதல் புதிய எழுத்தில் வந்தது. ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் அதை வரைந்தார். கணினியில் நாம் பார்க்கிற டைம்ஸ் நியூ ரோமன் அதிலிருந்து வந்ததுதான். கணினியில் பெரும்பாலும் ஒரே வரைபடத்தையே எல்லா அளவுக்கும் பயன்படுத்துகிறோம். அதனால் தலைப்பாகப் பெரிதாக்கும்போது எழுத்துகள் விலகி நிற்கிற மாதிரி தெரியும். கொஞ்சம் நெருக்கி வைத்தால் அழகாக இருக்கும்.

எங்க தாத்தா பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "எழுத்து பொடியா இருக்கும்மா" என்று மடித்து வைத்துவிடுவார். உள்ளே எவ்வளவு நல்ல செய்தி இருந்து என்ன பயன்?

நம் சுவர் இதழுக்கும் இது பொருந்தும். தலைப்பைப் பட்டையான ஸ்கெட்ச் பேனாவில் எழுதலாம். கட்டுரைக்கு அதே பேனா வேண்டாம். ண, ன இரண்டிலும் சுழி அடைந்துவிட்டால் 'மணம்' எது, 'மனம்' எது என்று ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் திண்டாடுவார்கள். கூர்மையான பேனாவில், சுழி திறந்திருக்கும்படி, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுவோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி