காறை எலும்பு முறிஞ்சா ஆபரேஷன் கட்டாயமா?

பைக்கில் சறுக்கித் தோள்பட்டை தரையில் மோதினால், முறியும் வாய்ப்பு அதிகமுள்ள எலும்பு காறை எலும்பு. நெஞ்செலும்பையும் தோளையும் இணைப்பது இதுதான். எக்ஸ்ரே எடுத்ததும், "சின்னத் துளைதாங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டணுமா? கொஞ்சம் பொறுங்க.

முறிந்த முனைகள் அதிகம் விலகாமல் இருந்தால், கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டாலே போதும். பெரியவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் எலும்பு தானாகச் சேர்ந்துவிடும். அந்த நாட்களில் புகைபிடிக்காதீங்க. எலும்பு சேர்வது தாமதமாகும். எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம்.

ஆபரேஷன் எப்போது?

எலும்பு முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுமார் 2 செ.மீ. குறுகியிருந்தால் டாக்டர்கள் ஆபரேஷனைப் பரிசீலிப்பார்கள். எலும்பு தோலைக் குத்தித் தூக்கி நின்றாலோ, வெளியே வந்திருந்தாலோ, கை மரத்து சில்லிட்டாலோ, மூச்சு திணறினாலோ காத்திருக்காதீங்க. உடனே 108-ஐ அழையுங்க.

சிறு துளை முறை என்றால்?

வழக்கமான முறையில் தோலை நீளமாகக் கீறி, பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். சிறு துளை முறையில் நெஞ்செலும்புப் பக்கம் ஓரிரு செ.மீ. மட்டும் கீறுவார்கள். அதன் வழியே 2–3 மி.மீ. பருமனுள்ள, வளையும் டைட்டானியம் கம்பியை எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி எலும்புக்குள் செலுத்துவார்கள். தழும்பு சிறிது; சதையும் அதிகம் பிரிபடாது.

ஆனா இது எல்லாருக்கும் பொருந்தாது. எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால், கம்பி மட்டும் தாங்காது, பிளேட்தான் நல்லது. கம்பி முனை தோலை உறுத்தலாம். எலும்பு சேர்ந்தபின் கம்பியை எடுக்க இன்னொரு சிறு ஆபரேஷனும் தேவைப்படலாம்.

டாக்டரிடம் கேளுங்க

1. ஸ்லிங் மட்டும் போட்டால் என்ன ஆகும்?
2. என் முறிவுக்குக் கம்பியா, பிளேட்டா? ஏன்?
3. கம்பியை எப்போ எடுக்கணும்? அந்தச் செலவு யாருடையது?

செலவுக்கு வழி

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நடந்தால், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதற்குப் பிந்தைய சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுவிடுங்க. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. ரெண்டு எண்ணையும் இப்போதே போனில் சேமிச்சு வைங்க.